கூண்டுக்கு வெளியே போகும் கை: ஆஃப்ரோடு வண்டி கவிழும்போது உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகிறது

ஆஃப்ரோடில், அதாவது சாலையில்லாத கல்லிலும் மண்ணிலும், வண்டி கவிழ்வது பெரும்பாலும் நடை வேகத்தில்தான். மேட்டுப் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறும், பள்ளப் பக்கச் சக்கரம் ஈர மண்ணில் புதையும், வண்டி ஒரு நொடி தயங்கிவிட்டு அப்படியே பக்கவாட்டில் படுத்துவிடும். நெடுஞ்சாலை விபத்தோடு ஒப்பிட்டால் மோதலின் வேகம் ஒன்றுமே இல்லை. ஆனால் காயம் அப்படி இருப்பதில்லை. முன்கை நசுங்கி எலும்பு வெளியே தெரியும், விரல்கள் துண்டாகியிருக்கும், முழங்காலுக்குக் கீழே தோல் காலுறை கழற்றியது போல உரிந்து வந்திருக்கும். இந்தக் காயங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: உடம்பின் ஏதோ ஒரு பகுதி கூண்டை (ஆட்களைச் சுற்றியிருக்கும் இரும்புக் குழாய்ச் சட்டத்தை) விட்டு வெளியே போய், ஒன்றரை டன் வண்டிக்கும் தரைக்கும் நடுவே மாட்டியிருக்கும்.

வெளியே போவதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. விழப் போகிறோம் என்று மூளைக்குத் தெரிந்ததும் கை தானாக ஊன்றப் போகும். கதவில்லாத ஜீப் இடது பக்கம் சாய்ந்தால், இடது இருக்கையில் இருப்பவர் இடது கையைத் தரையை நோக்கி நீட்டுவார். வண்டி வலது பக்கம் சாய்ந்தால் டிரைவர் வலது காலை வெளியே போட்டு நிறுத்தப் பார்ப்பார். இதைவிட ஏமாற்றுவது இன்னொன்று: மேலே ரோல் பார் எனும் கூண்டுக் குழாயையோ கூரை விளிம்பையோ விரல்களால் சுற்றிப் பிடித்துக்கொள்வது. கை உள்ளே இருப்பதாகத்தான் தோன்றும். வண்டி சாய்ந்து முதலில் தரையைத் தொடுவது அந்தக் குழாய். குழாயைச் சுற்றிய விரல்களின் கதி சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பிடி எங்கே என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். டிரைவருக்கு ஸ்டீயரிங், அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரருக்கு டேஷ்போர்டில் உள்ள கைப்பிடி அல்லது இருக்கைச் சட்டம். இரண்டும் இல்லையென்றால் கைகளை மார்பின் குறுக்கே வைத்து பெல்ட்டையே பிடித்துக்கொள்ளலாம். கால் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும். டிரைவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று, கட்டைவிரல். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய ஜீப்பில் முன் சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டீயரிங் சடாரென்று சுழலும். கட்டைவிரலை வளையத்துக்குள் மடித்து வைத்திருந்தால் ஸ்டீயரிங்கின் ஆரக்கால் அதை அடித்து முறிக்கும், அல்லது மூட்டை நழுவச் செய்யும். கட்டைவிரல் வளையத்தின் மேலே, மற்ற விரல்களோடு சேர்ந்து படுத்திருக்கட்டும்.

இந்தக் கை கால் விவகாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு யமஹா ரைனோ ஒரு நல்ல பாடம். அமெரிக்காவில் 2004 மாடலாக வந்த, இருவர் அருகருகே உட்காரும் சைடு-பை-சைடு வண்டி அது. ரோல் கேஜ் எனும் கூண்டு உண்டு, சீட் பெல்ட் உண்டு, முதலில் கதவு கிடையாது. அகலம் குறைவு, உயரம் அதிகம். சமதரையில், அதிக வேகம் இல்லாமல் வளைக்கும்போதே கவிழ்ந்த சம்பவங்கள் வந்தன. கால் நசுங்கிய புகார்கள் குவிந்தபின் 2007இல் கம்பெனி அரைக் கதவும் கூடுதல் கைப்பிடியும் இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் கம்பெனியும் சேர்ந்து 450, 660, 700 மாடல்களுக்கு இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தன. அதற்குள் ஆணையம் விசாரித்த சம்பவங்களில் 46 பேர் இறந்திருந்தார்கள். விசாரித்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கவிழ்ந்தவை. பலவற்றில் பெல்ட் போடவில்லை.

அந்தத் திட்டத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். பின் சக்கரங்களுக்கு ஸ்பேசர் எனும் இடைத்தகடு போட்டு அகலத்தைக் கூட்டினார்கள். பின்புற ஆன்டி-ரோல் பாரை (இரு பக்க ஸ்பிரிங் அசைவையும் இணைக்கும் கம்பியை) கழற்றினார்கள். கதவும் கைப்பிடியும் இல்லாத வண்டிகளுக்கு அவற்றைப் பொருத்தினார்கள். முதல் இரண்டும் வண்டி கவிழாமல் இருக்க. மூன்றாவது, கவிழ்ந்தாலும் ஆள் உள்ளேயே இருக்க. கதவு என்றதும் பலருக்கு அழகோ தூசியோதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது காலுக்கான வேலி. ஜீப்பில் கதவைக் கழற்றிப் போட்டு ஓட்டுவது படத்துக்கு நன்றாக இருக்கும். கழற்றினால் குறைந்தது கனமான நைலான் பட்டை வலையாவது கட்டுங்கள். அந்த வலை தோள் உயரம் வரை வர வேண்டும். இடுப்போடு நின்றால் கை தப்பாது.

நான்கு சக்கர ஏடிவி பைக்கில் கணக்கே வேறு. அங்கே கூண்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்துத்தான் வண்டியைச் சமன் செய்கிறார். கவிழ்ந்தால் வண்டி மேலே விழுந்து, மார்பு அழுந்தி, மூச்சுவிட முடியாமல் போவதுதான் பண்ணைகளில் நடக்கும் சாவுகளில் திரும்பத் திரும்ப வருவது. பெரிய எலும்பு முறிவு எதுவும் இல்லாமலே இறந்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல், புதிதாக விற்கும் பொதுப் பயன்பாட்டு குவாட் பைக்கில் (ஏடிவிக்கு அங்கே அந்தப் பெயர்) ஓட்டுநர் பாதுகாப்பு வளையம் கட்டாயம். பின்னால் நிற்கும் அந்த வளைந்த குழாய், வண்டி தலைகீழானாலும் அடியில் கொஞ்சம் இடைவெளி விடும். 28.81 டிகிரிக்குக் குறைந்த பக்கச் சரிவில் இரண்டு சக்கரத்தில் தூக்கக்கூடாது என்பதும் அதே விதி. இதற்கு எதிர்ப்புத் தெரிவித்துச் சில பெரிய கம்பெனிகள் அந்த நாட்டில் குவாட் விற்பதையே நிறுத்திக்கொண்டன. சுற்றுலா இடங்களில் வாடகைக்கு விடும் ஏடிவியில் ஒருவர் இருக்கையில் குழந்தையையும் முன்னால் வைத்து ஓட்டுவதைப் பார்க்கலாம். சாய்ந்து சமன் செய்ய வேண்டிய ஆள் அசையவே முடியாமல் போகிறது. இதில் பேரம் பேச இடமே இல்லை, ஏற்றக்கூடாது.

இனி ஜீப்புக்கு வருவோம். எவ்வளவு சாய்ந்தால் கவிழும் என்பது எளிய கணக்கு. இடது வலது டயர் நடுக்கோடுகளுக்கு இடையேயான அகலத்தில் பாதியை, எடைமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 1.3 மீட்டர், எடைமையம் 0.75 மீட்டர் உயரம் என்றால் 0.87 வரும், அசையாமல் நிற்கும் வண்டிக்கு அது கிட்டத்தட்ட 41 டிகிரி. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், கூரை கேரியரில் ஸ்டெப்னி, இரண்டு டீசல் கேன் எல்லாம் சேர்ந்து எடைமையத்தை 10 செ.மீ. உயர்த்திவிட்டால் 0.76, கோணம் 37 டிகிரிக்கு இறங்கிவிடும். இது தாளில் வரும் எண். நிஜத்தில் பள்ளப் பக்க ஸ்பிரிங் அமுங்கும், டயர் நசுங்கும், ஆட்கள் அந்தப் பக்கம் சரிவார்கள், மேட்டுப் பக்கம் ஒரு கல் வரும். பாதிக் கோணத்திலேயே ஆபத்து ஆரம்பித்துவிடும். 20 லிட்டர் டீசல் மட்டும் 17 கிலோ. அதைக் கூரையில் ஏற்றுவதற்குப் பதில் பின் தளத்தில் கட்டினாலே பாதி வேலை முடிந்தது.

பெல்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம் யாரும் சொல்வதில்லை. சாதாரண மூன்று முனை பெல்ட்டின் சுருள் பெட்டிக்குள் சாய்வை உணரும் குண்டு ஒன்று உண்டு. ஐரோப்பிய விதிப்படி 12 டிகிரி சாய்வு வரை அது பூட்டக்கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். அதனால் செங்குத்தான இறக்கத்திலோ பக்கச் சரிவிலோ பெல்ட் இறுகிக்கொண்டு, முன்னால் குனிந்து பாதையைப் பார்க்க விடாது. எரிச்சலில் பலர் கழற்றிவிடுகிறார்கள். அதாவது கவிழும் வாய்ப்பு அதிகமான இடத்தில்தான் பெல்ட் கழற்றப்படுகிறது. செய்ய வேண்டியது: சரிவுக்கு முன் சமதரையில் நிறுத்தி, இருக்கையை நிமிர்த்தி முன்னால் இழுத்து, முதுகை ஒட்டி உட்கார்ந்து, இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டு வண்டியைச் சரிவில் இறக்குவது. பாதை தெரியவில்லையென்றால் கீழே ஒருவரை நிறுத்தி வழி காட்டச் சொல்லுங்கள்.

இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் இருக்கக்கூடாது, தொடைக்கு மேலே இடுப்பெலும்பின் இரு முனைகளில் படிந்திருக்க வேண்டும். வயிற்றில் ஏறியிருந்தால் குடல் கிழியலாம், முதுகெலும்பும் குறுக்கே பிளக்கலாம். பெல்ட் போட்ட தடம் வயிற்றில் சிவந்து தெரிந்தால், ஆள் நன்றாகப் பேசினாலும் ஸ்கேன் எடுக்க வேண்டும். நான்கு முனை ஹார்னஸ் (இரு தோளிலும் இடுப்பிலும் கட்டும் பந்தய வகை பெல்ட்) வாங்கிப் போடுபவர்களிடம் ஒரு குறை: தோள் பட்டையை இருக்கைக்குப் பின்னால் தரையிலேயே போல்ட் போட்டுவிடுகிறார்கள். இழுவை கீழ்நோக்கி வரும்போது அது முதுகெலும்பை மேலிருந்து அமுக்கும். தோளிலிருந்து பின்னோக்கிப் போகும் பட்டை கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரிக்குள் இறங்கினால் நல்லது, எப்படியிருந்தாலும் 45ஐத் தாண்டக்கூடாது. கவட்டுப் பட்டை இல்லாத ஹார்னஸில் தோள் பட்டையை இறுக்கினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். அப்படி அரைகுறையாகப் போடுவதற்கு, கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட்டே மேல்.

பின்னால் எதிரெதிர் பெஞ்ச் உள்ள ஜீப்புகளைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் பாதை போன்ற கல் பாதையில் பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் உட்காருபவர்தான் அதிகம் தூக்கி எறியப்படுகிறார். தலை மேலே இரும்பு வளைவில் மோதும், திரும்பி விழும்போது வால் எலும்பு பெஞ்சில் இடிக்கும். கவிழ்ந்தால் ஒரு பெஞ்சில் உள்ளவர்கள் எதிர் பெஞ்சில் உள்ளவர்கள் மேல் மொத்தமாக விழுவார்கள். வெறும் இடுப்பு பெல்ட் இருந்தாலும் உடம்பு பக்கவாட்டில் மடங்கும். வயதானவர்கள், முதுகு அறுவை சிகிச்சை செய்தவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு முன் இருக்கையைக் கொடுங்கள். கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தையே தவிர்க்க வேண்டும்.

முதுகெலும்புக்கு வண்டி கவிழவே தேவையில்லை. மணல்மேட்டின் உச்சியில் வேகமாக ஏறி, அந்தப் பக்கம் காற்றில் பறந்து, சமதரையில் நான்கு சக்கரமும் ஒன்றாக வந்து விழுந்தால் அந்த அடி நேராக இருக்கை வழியாக முதுகில் ஏறும். நெஞ்சு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடத்தில், அதாவது 12ஆவது நெஞ்சு முள்ளெலும்புக்கும் இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புக்கும் நடுவில், முள்ளெலும்பு நொறுங்குவது இதில்தான். துபாய் பக்கம் மணல்மேட்டில் போகும் லேண்ட் குரூஸரின் கடைசி வரிசை இதற்குப் பேர்போன இடம். அங்கே போகும் நம்மவர்கள், டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கூண்டு விஷயத்தில் ஊரில் நடப்பது கவலை தருகிறது. வெல்டிங் பட்டறையில் பளபளவென்று ஸ்டீல் குழாயோ ஜிஐ பைப்போ வளைத்து, நான்கு சின்ன போல்ட்டில் பாடித் தகட்டில் உட்காரவைத்து, ரோல் பார் என்கிறார்கள். அது விளக்கு மாட்டும் கம்பி. பந்தய விதிகளில் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) சொல்லும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதன்மை வளைவுக்குத் தையலில்லாத குளிர் இழுப்பு கார்பன் எஃகுக் குழாய், 45 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50 மி.மீ. விட்டத்துக்கு 2 மி.மீ. பாடியில் பொருத்தும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுவூட்டுத் தகடு, ஒவ்வொரு காலுக்கும் 8.8 தரத்தில் குறைந்தது மூன்று எம்8 போல்ட். தகடு இல்லாவிட்டால் கூண்டு நசுங்காது. அதன் கால் தரைத் தகட்டைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும், கூரை தலைக்கு வரும். வளைத்த இடத்தில் குழாய் சுருக்கம் விழுந்திருந்தாலும் அது முதலில் மடியும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கூண்டும் தலையை உடைக்கும். பெல்ட் போட்டிருந்தாலும் கவிழும்போது பட்டை இழுபட்டு, தலை பக்கவாட்டிலும் மேலேயும் கணிசமாக நகரும். அந்த எல்லைக்குள் வரும் குழாய் எல்லாவற்றுக்கும் பந்தயப் பாதுகாப்புத் தரங்களான எஸ்எஃப்ஐ 45.1 அல்லது எஃப்ஐஏ 8857-2001 உள்ள கெட்டி ஃபோம் போட வேண்டும். கடையில் கிடைக்கும் ஏசி குழாய் சுற்றும் மெத்து ஃபோம் விரலால் அமுக்கினாலே குழாய் தட்டுப்படும். மண்டையோட்டுக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். என் கருத்து, தலைக்கு எட்டும் தூரத்தில் குழாய் உள்ள வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் உட்காரக்கூடாது. போட மனமில்லையென்றால் தினசரி ஓட்டும் வண்டியில் கூண்டே வேண்டாம். பொதுச் சாலையில் இப்படி மாற்றிய வண்டிக்கு ஆர்டிஓவும் இன்சூரன்ஸும் என்ன சொல்லும் என்பதையும் வெல்டிங்குக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

உள்ளே கட்டாமல் கிடக்கும் சாமான் அடுத்த எதிரி. 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக் சுமார் 13 கிலோ இரும்பு. டூல் பாக்ஸ், ஸ்டெப்னி, ஃப்ரிட்ஜ், தண்ணீர் கேன் எல்லாம் கவிழும்போது கூடவே சுற்றி வரும். ரப்பர் கயிறு போதாது, இறுக்கிப் பூட்டும் ராட்செட் பட்டை வேண்டும், அதுவும் சட்டத்தில் பற்றவைத்த வளையத்தில். 2 கிலோ பவுடர் தீயணைப்பானையும் பெல்ட் அறுக்கும் கத்தியையும் பெல்ட் போட்டபடியே எட்டும் இடத்தில் இரும்புப் பிடியில் வையுங்கள்.

மாட்டிய வண்டியை இழுக்கும்போது வரும் காயம் அதிர்ச்சி தரும் வகை, ஏனென்றால் அடிபடுபவர் பல நேரம் வண்டிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருப்பதாக நினைத்தவர். கைனெட்டிக் ரோப் ரப்பர் போல நீண்டு சக்தியைச் சேமிக்கும். அதை டிரெய்லர் இழுக்கும் டோ பாலில் மாட்டினால் அந்தப் பாலின் கழுத்து ஒடிந்து, அந்த இரும்புக் குண்டு கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். இப்படி இறந்தவர்கள் உண்டு. சட்டத்தில் போல்ட் போட்ட, எடை குறிப்பிட்ட ரிகவரி பாயின்டில் (ரோப் மாட்டும் கொக்கியில்) மட்டுமே மாட்ட வேண்டும். ரோப்பின் முறிவு வலிமை வண்டி எடையில் இரண்டு முதல் மூன்று மடங்கு. அறுந்தால் ரோப் பாயாமல் இருக்க அதன் நடுவில் ஈரக் கோணியோ டேம்பர் எனும் கனமான உறையோ போடுங்கள், இழுபடும் வண்டியின் பானெட்டைத் தூக்கி வையுங்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் ரோப் நீளத்தில் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும். டிரைவரைத் தவிர யாரும் வண்டிக்குள் வேண்டாம்.

கவிழ்ந்தாயிற்று. முதலில் சாவி. டீசல் வண்டி தலைகீழாகக் கிடக்கும்போது தன் இன்ஜின் ஆயிலையே எரித்து, சாவியை அணைத்த பிறகும் ஓடலாம்; அப்படியானால் இன்ஜினோடு மல்லுக்கட்டாமல் ஆளை இறக்குங்கள். தலைகீழாகத் தொங்குபவர் பெல்ட்டைச் சட்டென்று கழற்றினால் முழு எடையும் கழுத்தில் விழும். கால்களைத் தரைத்தளத்தில் முட்டுக்கொடுத்து, ஒரு கையைக் கூரையில் ஊன்றி, மறு கையால் கழற்ற வேண்டும். மேட்டுப் பக்கமாக வெளியே வாருங்கள். சரிவில் படுத்திருக்கும் வண்டி இன்னொரு முறை உருளும், அதனால் வின்ச்சாலோ (வண்டியில் உள்ள இழுவைக் கம்பிச் சுருள்) பட்டையாலோ மரத்தில் கட்டும் வரை பள்ளப் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. உள்ளே ஆள் இருக்கும்போது வண்டியை நிமிர்த்தவே கூடாது.

மார்பு, கழுத்து, வயிறு அழுந்தியிருந்தால் நிமிடக் கணக்குதான். ஜாக்கோ மரக்கட்டையோ கையில் கிடைப்பதை வைத்து உடனே தூக்க வேண்டும். தூக்கத் தூக்க அடியில் கட்டை அடுக்குங்கள், ஜாக் நழுவினால் இரண்டாவது முறை விழுவது முதல் முறையைவிட மோசம். கை கால் மாட்டியிருந்தாலும் எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்; டாக்டர் வரும் வரை எடுக்கக்கூடாது என்பது பழைய பேச்சு. கூடவே 108க்கோ 112க்கோ அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒருவரை வண்டியோடு கீழே அனுப்புங்கள். ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிகே (ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டுங்கள். அது இல்லாவிட்டால் அகலத் துணியும் முறுக்க ஒரு குச்சியும். ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, கட்டிய நேரத்தை நெற்றியிலோ துணியிலோ எழுதுங்கள்; நடுவில் தளர்த்திப் பார்க்காதீர்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது.

தீ, பெட்ரோல் கசிவு, உருளும் ஆபத்து இல்லையென்றால் முதுகு வலி சொல்பவரை இழுத்து இறக்காமல் அப்படியே பிடித்து வைத்திருங்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியவை: எந்தப் பக்கம் எத்தனை முறை கவிழ்ந்தது, பெல்ட் இருந்ததா, வெளியே விழுந்தாரா, எவ்வளவு நேரம் எந்த உறுப்பு அழுந்தியிருந்தது, டூர்னிகே எப்போது கட்டியது, நினைவு தப்பினாரா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா. நீண்ட நேரம் அழுந்திய கால் வெளியே சாதாரணமாகத் தெரிந்தாலும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அதையும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் ஆரம்ப அடையாளங்களில் அதுவும் ஒன்று.